இழுத்த ரப்பர் ஏன் சுருங்குகிறது?

ரப்பர் என்ற பொருளை நம்மவருக்கு யாரும் அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. நம் பாட்டன் பூட்டன்மார் காடு திருத்தி நட்ட மரம் அது. நம் தாய்மார் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு சென்று வெட்டிய மரம் அது. இன்று அந்த நிரைகளிற் பல செம்பனைக்கு இடம் கொடுத்துவிட்டன. ஆயினும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்க்குப் பாலின் வாடை மறக்கக்கூடியதன்று. இத்தனை பழக்கமிருந்தும் ஒரு சிறு கேள்வியை நாம் கேட்டதில்லை. இழுத்துவிட்ட ரப்பர் ஏன் திரும்பச் சுருங்குகிறது? "ரப்பர் அல்லவா, அதனால் சுருங்குகிறது" என்பது விடையாகாது. மாணவன் அப்படி எழுதினால் நாம் மதிப்பெண் கொடுப்போமா?

இக்கேள்வியின் விடை, பௌதிகத்தில் மிகக் கடினமானவை எனக் கருதப்படும் கருத்துகளுள் ஒன்றில் போய் முடிகிறது. வெப்ப இயக்கவியலின் இரண்டாவது விதி என்பது அதன் பெயர். என்ட்ரோபி என்பது அவ்விதி பேசும் அளவு. இவற்றைப் பற்றி எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அதை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வட்டாரத்துத் தோட்டங்களில் ஒரு கூட்டத்தார் "எரிபொருள் வேண்டாத மின்சார எந்திரம்" என்று ஒன்றைக் காட்டிப் பங்கு சேர்த்தனர். மோட்டார் டைனமோவைச் சுழற்றுமாம். டைனமோவிலிருந்து வரும் மின்சாரம் மோட்டாரை ஓட்டுமாம். மிஞ்சியது வீட்டு விளக்குக்காம். தொடக்கத்தில் ஒரு பேட்டரி மட்டும் போதுமாம். ஓய்வு பெற்ற பால்வெட்டுத் தொழிலாளர் ஒருவர், தம் சேமநிதிப் பணத்தை அதில் போடுமுன் என்னிடம் வந்து யோசனை கேட்டார். "சக்தியை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது, அண்ணே. பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது" என்றேன். அவர் சற்று யோசித்தார். "அதையேதான் அவங்களும் சொன்னாங்க சார். சக்தி அழியாதுன்னா, ஒரு தடவ போட்ட சக்திய சுத்திச் சுத்தி நாம எடுத்துக்கிட்டே இருக்கலாமில்ல?" என்று கேட்டார்.

எனக்கு அக்கணம் தக்க மறுமொழி வரவில்லை. "வேண்டாம் அண்ணே" என்றேனேயன்றி, ஏன் வேண்டாம் என்பதை அவர் ஏற்கும்படி சொல்லத் தெரியவில்லை. அவர் பணத்தைப் போட்டார். எந்திரமும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை. பயிற்சிக் கல்லூரியில் இரண்டாவது விதியைத் தேர்வுக்கென்று படித்து, தேர்வு முடிந்ததும் மறந்தவன் நான். பணம் போயிற்று என்று கேள்விப்பட்ட அன்றிரவு பழைய புத்தகங்களைத் தேடி எடுத்தேன். அந்த மனிதரின் கேள்வி மூடக் கேள்வியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பேரறிஞர்கள் முட்டி மோதிய கேள்வி அது.

முதல் விதியைத்தான் நான் அவரிடம் சொன்னேன். அதனை 1840களில் நிலைநாட்டியவர்களுள் தலையாயவர் இங்கிலாந்தின் மான்செஸ்டர் வட்டாரத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜூல். மது வடிக்கும் குடும்பத்தில் பிறந்தவர்; பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். எடைக் கற்கள் கீழே இறங்கும்போது அவற்றோடு பிணைத்த துடுப்பு, தொட்டியிலுள்ள நீரைக் கலக்குமாறு ஒரு கருவி செய்தார். நீர் சிறிது சூடேறியது. எவ்வளவு வேலைக்கு எவ்வளவு வெப்பம் என்று அவர் அளந்தார். இன்றைய அளவையிற் சொன்னால், 1 கிலோகிராம் நீரை 1 டிகிரி செல்சியஸ் சூடேற்ற, 1 கிலோகிராம் எடை ஏறத்தாழ 427 மீட்டர் உயரத்திலிருந்து இறங்க வேண்டும். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் உயரம் 452 மீட்டர். ஏறக்குறைய அக்கோபுர உச்சியிலிருந்து ஒரு கிலோ எடையை இறக்கினாலும் ஒரு கிலோ நீர் ஒரே ஒரு டிகிரிதான் சூடேறும் என்றால், ஒரு கெண்டித் தண்ணீரைக் கொதிக்க வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று பாருங்கள்!

முதல் விதி கிராணியாரின் கணக்குப் புத்தகம் போன்றது. வரவும் செலவும் சரியாயிருந்தால் அது வாய் திறவாது. இப்போது அந்தத் தொட்டியையே மறுபடி பாருங்கள். நீர் தானாக 1 டிகிரி குளிர்ந்து, அந்த வெப்பத்தைத் துடுப்புக்குக் கொடுத்து, எடைக் கல்லை மேலே ஏற்றட்டும். கணக்குப் புத்தகத்தில் ஒரு காசு பிசகில்லை. ஆனால் இது நடந்ததை எவரும் கண்டதில்லை. மேசைமேல் வைத்த தேநீர் ஆறுகிறது; ஆறிய தேநீர் அறையின் வெப்பத்தை இழுத்துத் தானே கொதித்ததில்லை. கணக்குச் சரியாயிருந்தும் நடவாத காரியங்கள் உலகில் உண்டு. அவை ஏன் நடப்பதில்லை என்பதைச் சொல்ல இன்னொரு விதி வேண்டும்.

அவ்விதியின் முதல் கீற்றைக் கண்டவர் பிரான்சு நாட்டு இராணுவப் பொறியியலாளரான ஸாடி கார்னோ. 1824 இல், தம் இருபத்தெட்டாம் வயதில், நெருப்பின் இயக்கும் வல்லமை பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டார். நீராவி எந்திரத்தில் வெப்பம் இருந்தால் மட்டும் போதாது. அது சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு இறங்க வேண்டும். அந்த இறக்கத்தில்தான் வேலை கிடைக்கிறது என்றார். நீர்ச்சக்கரத்துக்கு நீர் மட்டும் போதாது, அது விழ ஒரு பள்ளமும் வேண்டும் அல்லவா? அதுபோல. வெப்பத்தை அழியாத ஒரு திரவமென்று கருதி அவர் எழுதியது தவறு. ஆனால் அவர் கண்ட முடிவு சரி. நூலை வாங்கிப் படித்தவர் சிலரே. 1832 இல் வாந்திபேதி கண்டு, முப்பத்தாறு வயதில் மறைந்தார். நோய்க்கு அஞ்சி அவர் உடைமைகளை அழித்தபோது கையெழுத்துத் தாள்களிற் பெரும்பகுதியும் போயிற்று.

கார்னோ காட்டிய வழியில் பின்வந்தோர் ஒரு சூத்திரம் கண்டனர். வெப்பநிலையைச் சுழிக்குக் கீழே 273 டிகிரியிலிருந்து எண்ண வேண்டும். இது கெல்வின் பிரபுவின் அளவுகோல். குளிர்ந்த பக்கத்து எண்ணைச் சூடான பக்கத்து எண்ணால் வகுத்து, ஒன்றிலிருந்து கழித்தால், வெப்பத்தில் எத்தனை பங்கை அதிகபட்சமாக வேலையாக்கலாம் என்பது கிடைக்கும். நமக்கு அருகிலிருக்கும் செம்பனை ஆலையையே எடுத்துக்கொள்வோம். பழத்தின் நாரையும் ஓட்டையும் எரித்து, கொதிகலனில் ஏறத்தாழ 215 டிகிரியில் நீராவி ஆக்குகிறார்கள். அது சுழலியைச் சுற்றிவிட்டு ஏறத்தாழ 143 டிகிரியில் வெளிவந்து பழக் குலைகளை அவிக்கப் போகிறது. கெல்வினில் 488, 416. கணக்கிட்டால் நூற்றுக்குப் பதினைந்து. உலகின் மிகச் சிறந்த பொறியியலாளரை அழைத்து வந்தாலும் அந்த இரண்டு வெப்பநிலைகளுக்கிடையே இதற்குமேல் வேலை வாங்க முடியாது. நீராவியை 40 டிகிரி வரை குளிரவிட்டால் நூற்றுக்கு முப்பத்தாறு வரை போகலாம். ஆனால் அப்புறம் பழம் அவிக்க ஆவி ஏது? ஆலைக்காரர் தெரிந்தேதான் அப்படி அமைத்திருக்கிறார்.

இறக்கம் இல்லாவிடில் வேலை இல்லை. இதனை 1850 இல் திருத்தமான விதியாக்கியவர் ஜெர்மானியரான ரூடால்ப் கிளாசியஸ். வெப்பம் வேறெந்த மாறுதலும் இன்றித் தானே குளிர்ந்ததிலிருந்து சூடானதற்குப் போகாது என்பது அவர் கருத்தின் சாரம். 1865 இல் இதற்கு ஓர் அளவையும் வகுத்து, மாற்றம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து என்ட்ரோபி எனப் பெயரிட்டார். எல்லா மொழிகளிலும் ஒரே சொல்லாக நிற்கட்டும் என்றே பழைய மொழிக்குப் போனாராம். தமிழில் இதற்குப் பல ஆக்கச் சொற்கள் உள. எனினும் அவர் விருப்பத்தை மதித்து நானும் என்ட்ரோபி என்றே எழுதுகிறேன்.

கணக்கு எளிது. கொடுத்த வெப்பத்தை அவ்விடத்துக் கெல்வின் வெப்பநிலையால் வகுக்க வேண்டும். 100 டிகிரியில், அதாவது 373 கெல்வினில், உள்ள சுடுநீரிலிருந்து 1,000 ஜூல் வெப்பம் 27 டிகிரி, அதாவது 300 கெல்வின், உள்ள காற்றுக்குப் போகிறது என்போம். நீர் இழந்த என்ட்ரோபி 1,000ஐ 373ஆல் வகுக்க 2.68. காற்று பெற்றது 1,000ஐ 300ஆல் வகுக்க 3.33. கொடுத்தது 1,000, வாங்கியதும் 1,000. ஆயின் என்ட்ரோபி 0.65 கூடிவிட்டது. இந்த 0.65ஐக் காற்றின் 300ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 196 ஜூல் வரும். ஒரு நல்ல எந்திரம் இடையில் இருந்திருந்தால் நமக்குக் கிடைத்திருக்கக்கூடிய வேலை அதுதான். அது போனது போனதே. சக்தி அழியவில்லை, அதனைக் கொண்டு நாம் செய்திருக்கக்கூடிய காரியம் அழிந்தது. இரண்டாவது விதி கூறுவது இதுவே: எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது என்ட்ரோபி கூடும், அல்லது அப்படியே நிற்கும், ஒருபோதும் குறையாது.

ஏன் குறையாது? கிளாசியஸ் அளந்து காட்டினாரேயன்றி ஏன் என்று காட்டவில்லை. அதற்கு நம் ரப்பர் போல எளிய ஆசான் வேறில்லை.

வீட்டில் ஓர் அகலமான ரப்பர்ப் பட்டையை எடுங்கள். மேலுதட்டில் மெல்லத் தொட்டுப் பாருங்கள். வெப்பமும் இல்லை, குளிரும் இல்லை. இப்போது சட்டென்று நன்றாக இழுத்து, இழுத்தபடியே உதட்டில் வையுங்கள். சூடு தெரியும். அரை நிமிடம் அப்படியே பிடித்திருந்து, அது ஆறியபின், சட்டென்று தளர்த்தி மறுபடி உதட்டில் வையுங்கள். இம்முறை குளிர்ச்சி தெரியும். பிள்ளைகள் செய்யும்போது கண்ணுக்கு எட்ட வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இன்னொரு சோதனையும் உண்டு. பட்டையில் ஓர் எடையைத் தொங்கவிட்டு, முடி உலர்த்தும் கருவியால் சூடுகாட்டுங்கள். உலோகக் கம்பியானால் நீளும். தண்டவாளங்களுக்கிடையே இடைவெளி விடுவது அதற்காகத்தான். ரப்பரோ சுருங்கி எடையை மேலே தூக்கும்.

இவ்விரண்டையும் முதலிற் கண்டு 1805 இல் வெளியிட்டவர் வட இங்கிலாந்தின் கெண்டல் நகரத்து ஜான் காஃப். குழந்தைப் பருவத்திலேயே வைசூரியால் கண்ணிழந்தவர். பார்வையற்றவரின் தொடுவுணர்வுதான் இந்த நுண்மையைக் கண்டுபிடித்தது போலும். மலாயாவில் அப்போது ரப்பர் இல்லை. சிங்கப்பூர்த் தாவரவியற் பூங்காவுக்கு 22 நாற்றுகள் வந்ததே 1877 இல்தான். காஃபிடம் கணிதமும் பிறவும் பயின்றவர் அணுக்கொள்கை தந்த ஜான் டால்டன். டால்டனிடம் பயின்றவர் நாம் மேலே கண்ட ஜூல். அந்த ஜூல் 1859 இல் வெளியிட்ட ஆய்வில், காஃப் உதட்டால் அறிந்ததை நுட்பமான கருவி கொண்டு அளந்து உறுதிப்படுத்தினார். மாணவனின் மாணவன் முதல் ஆசானின் வாக்கைக் காத்த இச்செய்தி, ஆசிரியத் தொழிலில் இருப்பவர்க்கு இனிக்கும். கெல்வின் பிரபுவும் இரண்டாவது விதியிலிருந்தே, இழுத்தால் சூடேறும் பொருள் சூடுகாட்டினால் சுருங்கியே ஆகவேண்டும் என்று காட்டினார்.

ஆனால் ரப்பருக்குள் நடப்பது என்ன என்பது 1930கள் வரை விளங்கவில்லை. ரப்பரின் மூலக்கூறு, ஐசோப்ரீன் என்னும் சிறு கண்ணிகள் ஆயிரக்கணக்கில் கோத்த மிக நீண்ட சங்கிலி என்பது தெளிவான பிறகே, கர்ட் மேயர், வெர்னர் கூன், ஈஜின் குத், ஹெர்மன் மார்க் முதலியோர் விடையைக் கண்டனர். அவர்கள் விடையைத் தீக்குச்சிகளால் காட்டலாம்.

நான்கு தீக்குச்சிகளை ஒரு சங்கிலியின் நான்கு கண்ணிகளாகக் கொள்ளுங்கள். ஒவ்வொரு குச்சியும் வலப்பக்கம் நோக்கலாம், அல்லது இடப்பக்கம் நோக்கலாம். காசைச் சுண்டி முடிவு செய்யுங்கள். மொத்தம் 16 வகை அமைப்புகள் உண்டு. சங்கிலி வலப்பக்கம் முழுதும் நீண்டிருக்க, நான்கும் வலம் நோக்க வேண்டும். அதற்கு ஒரே வழி. புறப்பட்ட இடத்திலேயே முனை வந்து சேர, இரண்டு வலமும் இரண்டு இடமும் வேண்டும். அதற்கு ஆறு வழிகள். ஐயமுள்ளோர் எழுதிப் பார்க்கலாம். எங்கள் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிக் காட்டினர். பத்துக் குச்சிகளானால் மொத்தம் 1,024 அமைப்புகள். அவற்றுள் முழுதும் வலப்பக்கம் நீண்டது ஒன்று. முனைகள் சேர்ந்தவை 252. நூறு குச்சிகளானால், நீண்டது அப்போதும் ஒன்றே. முனைகள் சேர்ந்தவையோ ஒன்றுக்குப் பின் 29 சுழிகள் போட்ட எண் அளவுக்கு!

இனிச் சங்கிலி சும்மா கிடக்கவில்லை என்பதை நினைவிற் கொள்ளுங்கள். வெப்பத்தால் ஒவ்வொரு கண்ணியும் ஓயாது துள்ளிக்கொண்டும் திரும்பிக்கொண்டும் இருக்கிறது. நாம் இழுத்துப் பிடிக்கும்போது அச்சங்கிலிகளை மிகச் சில அமைப்புகளுக்குள் அடைக்கிறோம். விட்டதும், துள்ளும் கண்ணிகள் கண்டபடி திரும்பத் தொடங்குகின்றன. கண்டபடி திரும்பினால் சுருண்ட நிலையில்தான் போய் நிற்கும், ஏனெனில் சுருண்ட நிலைகளே கணக்கற்றவை. சுருங்க வேண்டும் என்ற விருப்பம் எந்தக் கண்ணிக்கும் இல்லை. ரப்பருக்குள் இழுக்கும் வில் என்று எதுவும் இல்லை. உங்கள் விரலை இழுப்பது வெறும் எண்ணிக்கைதான்! எனக்கு இது விளங்கிய அன்று, மேசை இழுப்பறையில் கிடந்த பட்டையை எடுத்து நெடுநேரம் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சங்கிலிகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் போய்விடாமல் ஆங்காங்கே முடிச்சுப் போட்டது போலக் கந்தகம் பிணைக்கிறது. 1839 இல் அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர் கண்ட வழி அது. அந்தப் பிணைப்பில்லாத பச்சை ரப்பர், வெயிலில் இளகி ஒட்டுவதைத் தோட்டத்தார் அறிவர்.

உதட்டுச் சோதனையும் இப்போது விளங்கும். இழுக்கும்போது சங்கிலிகளின் அமைப்பு வழிகள் குறைகின்றன. அதாவது அவற்றின் என்ட்ரோபி குறைகிறது. மொத்தம் குறையக் கூடாதே! ஆகவே உங்கள் கை செய்த வேலை வெப்பமாக மாறி, அந்தக் குறையை வேறிடத்தில் ஈடு செய்கிறது. தளர்த்தும்போது சங்கிலிகளின் என்ட்ரோபி கூடுகிறது, சுருங்கிக்கொண்டே விரலை இழுக்கும் வேலைக்கு வேண்டிய சக்தியை ரப்பர் தன் வெப்பத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது, எனவே குளிர்கிறது. சூடுகாட்டினால் கண்ணிகள் இன்னும் வேகமாகத் துள்ளும், இழுவிசையும் கூடும். 27 டிகிரியிலிருந்து 57 டிகிரிக்குச் சூடேற்றினால், கெல்வினில் 300 என்பது 330 ஆகிறது. நீளம் மாறாமல் பிடித்த ரப்பரின் இழுவிசையும் ஏறக்குறைய அதே விகிதத்தில், நூற்றுக்குப் பத்து, கூடும். மிக நீளமாக இழுத்தால் சங்கிலிகள் வரிசையாகப் படிந்து கணக்கைச் சற்றே மாற்றும். அது நுணுக்கம்; இங்கு வேண்டாம்.

என்ட்ரோபி என்பது வழிகளின் எண்ணிக்கையே என்று ரப்பரைப் பற்றி அல்லாமல் எல்லாப் பொருள்களையும் பற்றி முதலில் காட்டியவர் வியன்னா நகரத்து லுட்விக் போல்ட்ஸ்மன். 1877 இல் அவர் அதனை வெளியிட்டார். வழிகளின் எண்ணிக்கைக்கு மடக்கை எடுத்து ஒரு மாறிலியால் பெருக்கினால் கிளாசியஸின் என்ட்ரோபி வந்துவிடுகிறது. 18 கிராம் நீரில் உள்ள மூலக்கூறுகள் 6ஐ எழுதி அதன்பின் 23 சுழிகள் போட்ட எண். நூறு குச்சிகளுக்கே 29 சுழிகள் என்றால், இத்தனை மூலக்கூறுகளுக்கு எத்தனை வழிகள்! ஆறிய தேநீர் தானே கொதிப்பதை எந்தச் சட்டமும் கைகட்டித் தடுக்கவில்லை, அப்படி நிகழும் வழிகள், நிகழாத வழிகளுக்கு முன்னே ஒன்றுமில்லாதவை, அவ்வளவுதான். அணு என்பதே கற்பனை என்று வாதிட்ட அறிஞர்கள் அக்காலத்தில் அவருக்கு எதிராக நின்றனர். உடல் நலிந்து, மனம் சோர்ந்து, 1906 இல் இத்தாலியக் கடற்கரை ஊரான துயினோவில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். அடுத்த சில ஆண்டுகளிலேயே பிரெஞ்சு விஞ்ஞானி ஜான் பெரின் செய்த சோதனைகள் அணுக்கள் உண்மை என ஐயமற நாட்டின. வியன்னாவில் அவர் கல்லறைமீது அந்தச் சூத்திரம் பொறிக்கப்பட்டிருக்கிறது.

என்ட்ரோபி என்றால் ஒழுங்கின்மை என்று பல நூல்கள் எழுதிவிடுகின்றன. அது பாதி உண்மை. தொல்லை மிகுந்த பாதி. என் மேசைமேல் தாள்கள் சிதறிக் கிடப்பதற்கும் கிளாசியஸின் அளவுக்கும் பெரிய உறவில்லை. ஒழுங்கின்மை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டே, "எல்லாம் சிதைய வேண்டும் என்பது விதியானால் உயிர்கள் எப்படிப் படிப்படியாக வளர்ந்திருக்கும்?" என்று மேடைகளிலும் கேட்கிறார்கள். பால்மரத்தையே கேட்கலாமே! காற்றிலுள்ள கரியமில வாயுவையும் மண்ணின் நீரையும் கொண்டு அத்தனை நீண்ட சங்கிலியை அது நாள்தோறும் கோத்துத் தருகிறது. விதியை அது மீறவில்லை. ஏறத்தாழ 5,500 டிகிரி உள்ள சூரிய முகத்திலிருந்து வரும் ஒளியைப் பூமி வாங்கி, குளிர்ந்த வெப்பக் கதிராக விண்வெளிக்குத் திருப்புகிறது. வந்த ஒவ்வோர் ஒளித்துகளுக்கும் ஏறத்தாழ இருபது துகள்களாகத் திருப்புகிறது. அங்கே பெருகும் என்ட்ரோபிக்கு முன் மரம் சேமிக்கும் சிறு குறைவு எம்மாத்திரம்? குளிர்பதனப் பெட்டியின் உள்ளே குளிர்ந்தால் பின்புறம் சுடுவதும் இப்படித்தான். அறையைக் குளிரவைக்க அதன் கதவைத் திறந்து வைத்த நண்பர் ஒருவர், அறை முன்னிலும் புழுங்குவதை அரைமணியில் கண்டார்.

இனி அந்தத் தொழிலாளரின் கேள்வி. மோட்டாரும் டைனமோவும் ஒன்றையொன்று ஓட்டட்டும். மிச்ச மின்சாரம் வரும் என்பதை முதல் விதியே மறுத்துவிடும். வரவு இல்லாமல் செலவு ஏது? எதையும் வெளியே எடுக்காமல் சுழன்றுகொண்டாவது இருக்குமா? இராது. அச்சுத் தாங்கிகள் உராய்ந்து சூடாகின்றன. கம்பிச் சுருள்கள் மின்னோட்டத்தால் சூடாகின்றன. அந்தச் சூடு அறைக் காற்றிற் கலந்து எண்ணற்ற மூலக்கூறுகளுக்குப் பங்காகிவிடுகிறது. அங்கேதான் இருக்கிறது, ஒரு ஜூல் கூட அழியவில்லை. ஆனால் அதைத் திரட்டி மறுபடி அச்சைச் சுழற்ற, அறையைவிடக் குளிர்ந்த ஓரிடம் வேண்டும். அறைக்குள் எல்லாம் ஒரே வெப்பநிலை. பள்ளமில்லாத குளத்து நீரில் நீர்ச்சக்கரம் சுற்றுமா?

இதைச் சொல்லாற் சொல்வதைவிடக் கண்ணாற் காட்டலாம் என்று தோன்றியது. அமெரிக்க அறிஞர் ரிச்சர்ட் ஃபைன்மன், 1961 முதல் 1963 வரை கல்லூரி மாணவர்க்கு ஆற்றிய புகழ்பெற்ற விரிவுரைகளில், கம்பிகளுக்குப் பதில் ரப்பர்ப் பட்டைகள் பூட்டிய ஒரு சக்கரத்தை விளக்கியிருக்கிறார். எங்கள் ஆறாம் ஆண்டு மாணவர்கள் பழைய சைக்கிள் வளையம் ஒன்றைக் கொண்டு அதைச் செய்தனர். கோழிக்குஞ்சுகளுக்குச் சூடுகாட்டும் விளக்கை ஒரு பக்கத்தில் வைத்தோம். சூடுபட்ட பட்டைகள் சுருங்கி அந்தப் பக்கத்து வளையத்தை அச்சின் அருகே இழுக்கின்றன. எனவே மறுபக்கம் கனத்து இறங்குகிறது. புதிய பட்டைகள் விளக்கின் முன் வருகின்றன. வளையத்தைச் சமன் செய்ய மூன்று நாள் பிடித்தது. நான்காம் நாள், மிக மெதுவாக, அது சுற்றியது.

பேரனை அழைத்துச் செல்ல வந்திருந்த அந்தப் பெரியவர் வாசலில் நின்று பார்த்தார். "இது சும்மாவே சுத்துதா சார்?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மாணவர்களிடம் இன்னொரு விளக்கைக் கொடுத்து, மறுபக்கத்திலும் அதே தொலைவில் வைக்கச் சொன்னேன். முன்பு ஒரு விளக்கு, இப்போது இரண்டு. சூடு இருமடங்கு. சக்கரம் தயங்கியது, சற்று ஆடியது, நின்றுவிட்டது.

பெரியவர் அருகே வந்து குனிந்து இரண்டு பக்கத்துப் பட்டைகளையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு யாரையும் கேளாமல், தாமே ஒரு விளக்கை அணைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்தப் பக்கத்து ரப்பர் ஆறும்வரை காத்திருந்தோம். சில நிமிடம் சென்று சக்கரம் மறுபடி நகர்ந்தது.